சிறு ஃபைபர் படகின் விளிம்புப் பட்டையும் தேக்குச் சட்டமும்: பழுதுபார்த்துப் பொலிவூட்டும் முறை

படகின் விளிம்பைச் சுற்றி ஓடும் பட்டை மங்கிப்போனால், பெரும்பாலோர் அதைக் கழற்றாமலேயே தேய்த்து, பாலிஷ் போட்டு, வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். பதினாறு, பதினெட்டு அடி நீளமுள்ள உல்லாசப் படகுகளில் உடலும் மேல்தளமும் தனித்தனி அச்சுகளில் வார்க்கப்பட்டு, டிபன் டப்பாவும் மூடியும் போல ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து இணைக்கப்படுகின்றன. அந்த இணைப்பை மறைத்துக்கொண்டுதான் பட்டை உட்கார்ந்திருக்கிறது. பட்டையைப் பிடித்திருக்கும் ஸ்குருக்கள் இணைப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகின்றன. ஆகவே தளர்ந்த ஒரு ஸ்குரு பார்வைக்கு ஒரு சிறு குறையாகத் தோன்றினாலும், உண்மையில் அது நீர் இறங்கும் ஒரு துளை. வெளிப்புற வேலையை அந்தத் துளையிலிருந்து தொடங்கி மெருகில் முடிக்க வேண்டுமே தவிர, மெருகில் தொடங்கக் கூடாது. இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே செல்கிறது.

நம் கரையில் வலை ஏற்றிப் போகும் ஃபைபர் வள்ளங்களில் பெரும்பாலும் விளிம்புக்குள் மரத்தை வைத்து, அதன் மேல் ஃபைபரைப் போர்த்தி விடுகிறார்கள்; அலுமினியச் சட்டம், அதன் பள்ளத்தில் பதியும் பி.வி.சி. பீடிங் (நெகிழும் பிளாஸ்டிக் நாடா), தேக்கு வேலைப்பாடு ஆகியவை அவற்றில் அரிது. ஆனாலும் போர்வை கிழிந்த இடத்தில் உப்புநீர் உள்ளே போய் மரத்தை ஊறவைப்பது அங்கும் நடப்பதால், துளைகளையும் மேற்பூச்சையும் பற்றிக் கீழே சொல்லப்படுபவை அவற்றுக்கும் பொருந்தும்.

காலத்தைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் இந்த வேலைக்கு ஏற்ற மாதங்கள் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்றுமே. மழைக்காலத்தில் ஃபைபரும் மரமும் ஈரத்தை விடுவதில்லை. மே மாத வெயிலில் ரெசின் எனப்படும் பிசின் கிண்ணத்திலேயே கட்டிவிடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் பழுதுபார்க்கக் கரையேறுவதால், உதவிக்கு ஓர் ஆளைத் தேடினாலும் அப்போது கிடைப்பது கடினம்.

பட்டையைக் கழற்றுதல்

முதலில் படகை நன்னீரால் கழுவி, இரண்டு நாள் நிழலில் காயவிட வேண்டும். பிறகு பட்டையின் நடுவே பதிந்திருக்கும் பி.வி.சி. பீடிங்கை ஒரு முனையிலிருந்து மெல்ல நெம்பி உருவினால், கீழே வரிசையாக ஸ்குருத் தலைகள் தெரியும். ஒவ்வொன்றையும் கழற்றும்போது அது எப்படி வருகிறது என்பதைக் கவனிப்பது மிக முக்கியம்: இறுக்கமாகத் திரும்பி வந்தால் துளை நலமாக இருக்கிறது, பிடிப்பின்றிச் சுற்றிக்கொண்டே இருந்தால் துளை அகன்றுவிட்டது, பழுப்பு நிற நீரோ ஈரமான மரத்தூளோ ஒட்டிக்கொண்டு வந்தால் உள்ளே இருக்கும் மரம் உளுத்துவிட்டது. இந்த மூன்றையும் பிரித்தறிய, துளைக்கு அருகில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பில் பென்சிலால் ஒரு குறி இட்டுக்கொண்டே போவது பின்னால் பெரிதும் உதவும்.

துருப்பிடித்து இறுகிய ஸ்குருவை வலுவாகத் திருகினால் தலை உடைந்து உடல் உள்ளே தங்கிவிடும். திருப்புளியைத் தலையில் ஊன்றி, அதன் பிடியைச் சுத்தியலால் நான்கைந்து முறை தட்டிவிட்டு, முதலில் இறுக்கும் திசையில் சற்றுத் திருப்பி, அதன்பின் தளர்த்துவதே நல்லது. அப்படியும் உடைந்துவிட்டால், அதைத் தோண்டி எடுக்க முயன்று இணைப்பைப் புண்ணாக்குவதைவிட, ஓர் அங்குலம் தள்ளிப் புதுத்துளை இடுவதே என் விருப்பம்.

நீண்ட அலுமினியச் சட்டத்தை ஒருவராகக் கழற்றக் கூடாது. ஒரு முனை தொங்கினால் சட்டம் மடங்கிவிடும். மடங்கிய அலுமினியத்தை நேராக்கினாலும் அந்த இடம் வெயிலில் எப்போதும் தனியாகத் தெரியும். படகின் முன்பகுதியான அணியத்தில் வளைந்திருக்கும் துண்டுகளில் இடது, வலது என்று எழுதி வைப்பதையும் மறக்க வேண்டாம்.

துளைகளைச் சீராக்குதல்

அகன்றுபோன துளைக்குள் தீக்குச்சியையோ மரச்சீவலையோ சொருகி, பழைய ஸ்குருவையே மீண்டும் முடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது ஒரு பருவம் தாங்கும். ஆனால் அந்தச் சீவல் நீரை உறிஞ்சி உள்ளே இழுக்கும் திரியாகவே வேலை செய்யும். முறையான வழி, துளையை ஏறத்தாழ இருமடங்கு அகலமாக டிரில் செய்து, நீர் புகாமல் அடைக்கும் பழைய சீலன்ட்டையும் உளுத்த தூளையும் முற்றிலும் அகற்றி, அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, கெட்டியாகக் குழைத்த எப்பாக்சி என்ற இரு பகுதிப் பிசினால் நிரப்புவது. எப்பாக்சியைக் கெட்டியாக்க ரெசின் கடைகளில் ஏரோசில் என்ற பெயரில் கிடைக்கும் மிக மென்மையான சிலிக்காத் தூளைக் கலக்கலாம். கலவை கரண்டியிலிருந்து வழியாமல், நன்றாகக் குழைந்த வெண்ணெய்போல நிற்க வேண்டும். பின்புறம் திறந்திருந்தால் அங்கே டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே மரம் நனைந்திருந்தால், அது முழுவதும் காயும் வரை நிரப்பக் கூடாது. ஈரத்தை உள்ளே அடைத்து மூடுவது துளையைத் திறந்து விடுவதைவிடக் கெடுதல்.

எப்பாக்சியைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. பாலியஸ்டர் ரெசினில், அதை இறுகச் செய்யும் கேட்டலிஸ்ட்டின் அளவை வெப்பத்துக்கு ஏற்பச் சற்றுக் கூட்டலாம், குறைக்கலாம். எப்பாக்சியில் அப்படிச் செய்யவே கூடாது. அதன் இரு பகுதிகளும் டப்பாவில் குறித்த விகிதத்தில் ஒன்றோடொன்று வினைபுரிந்து தீர வேண்டியவை. வேகமாகக் காயட்டும் என்று இரண்டாம் பகுதியான ஹார்ட்னரைக் கூட்டினால், அது என்றைக்கும் முழுமையாக இறுகாமல் மென்மையாகவே நிற்கும்.

எப்பாக்சி இறுகிய மறுநாள் புதுத்துளை இடலாம். எட்டாம் நம்பர் ஸ்குருவுக்கு 3.2 மில்லிமீட்டர் பிட் சரியாக இருக்கும். பிட் மேற்பூச்சைத் தொடும்போது டிரில்லை முதலில் எதிர்த்திசையில் சுழலவிட்டு, பூச்சைக் கடந்தபின் நேர்த்திசைக்கு மாற்றினால் விளிம்பு சிதறாது. அதன்பின் துளையின் வாயை அகன்ற பிட்டால் சற்றே குழிவாக்க வேண்டும். இந்தச் சிறு குழிவுக்கு இரண்டு பயன்கள் உண்டு: ஸ்குருவின் புரிகள் கடினமான மேற்பூச்சை நெருக்கி விரிசல் உண்டாக்காமல் தடுக்கின்றது, பின்னர் வைக்கும் சீலன்ட் அந்தக் குழியில் தங்கி ஸ்குருவின் கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாக நிற்கின்றது.

ஸ்குரு வாங்கும்போது 316 தரத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் சேர்ந்திருக்கும் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம்தான் உப்புக்கு எதிராக அதைக் காக்கிறது. சாதாரண 304 தரம் கடற்கரையில் விரைவில் தேநீர்க் கறைபோன்ற பழுப்பு நிறம் ஏறி நிற்கும். இரண்டும் காந்தத்தில் பெரும்பாலும் ஒட்டாதவை என்பதால், காந்தத்தை வைத்துப் பார்த்து ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முடியாது. ஒரு கடையில் 316 என்று சொல்லிக் கொடுத்த ஸ்குருக்கள் என் படகில் ஒரே மழைக்காலத்தில் பழுப்பேறிய பிறகு, தலையில் தரக்குறி பொறித்தவற்றை மட்டுமே வாங்குகிறேன். சிறு ஸ்குருக்களில் குறி இருக்காது. அவற்றுக்குப் பெட்டியின் மேலிருக்கும் குறியையே நம்ப வேண்டியிருக்கிறது.

மேற்பூச்சின் வடுக்கள்

பட்டை கழன்று கிடக்கும் இந்த வேளையே, அதன் ஓரங்களில் இருக்கும் கீறல்களையும் உதிர்வுகளையும் சரிசெய்ய ஏற்றது. ஃபைபர் படகின் வண்ணமும் பளபளப்பும் ஜெல்கோட் எனப்படும் பாலியஸ்டர் மேற்பூச்சிலிருந்து வருகின்றன. அது புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனம் மட்டுமே உடையது. இந்தக் கனம் நினைவில் இருந்தால், எவ்வளவு தேய்க்கலாம் என்ற அளவு தானே விளங்கும்.

சிலந்தி வலைபோல் விரியும் மெல்லிய விரிசல்களைக் கண்டால், அவற்றின் மேல் பூச்சைத் தடவுவதால் பயனில்லை. இரண்டு மாதத்தில் அதே கோலம் மேலே வந்துவிடும். கூர்மையான கருவியால் ஒவ்வொரு கோட்டையும் ஆங்கில எழுத்து "V" வடிவில் அகழ்ந்து, அதன் அடி வரை திறந்தபின்னரே நிரப்ப வேண்டும். அதற்கும் முன்னதாக, அந்த இடத்தைக் கையால் அழுத்திப் பார்ப்பது அவசியம். அழுத்தினால் உள்வாங்கினால், அங்கே உள்ளே வலுவில்லை; பின்புறமிருந்து கண்ணாடியிழை மேட் வைத்துக் கனமாக்காமல் மேலே செய்யும் எந்த வேலையும் நிலைக்காது.

வண்ணம் பொருத்துவதே இந்த வேலையின் மிகக் கடினமான பகுதி. வெள்ளைப் படகு என்று நாம் சொல்வது கடையில் கிடைக்கும் வெள்ளையாக இருப்பதில்லை. வெயிலில் அது மஞ்சளை நோக்கியோ சாம்பலை நோக்கியோ நகர்ந்திருக்கும். ஆகவே வடுவைச் சுற்றியுள்ள இடத்தை முதலில் காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசையால் தேய்த்து, உண்மையான நிறத்தை வெளிக்கொணர்ந்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். வெள்ளை ஜெல்கோட்டில் மஞ்சள், பழுப்பு, கருப்பு நிறப் பசைகளை ஈர்க்குச்சியின் முனையளவு மட்டும் எடுத்துச் சேர்த்து, ஒரு துளியைப் படகின் மேலேயே வைத்து, பகல் வெளிச்சத்தில் நிழலில் நின்று பார்க்க வேண்டும். குழல் விளக்கின் கீழ் பொருந்திய நிறம் வெயிலில் பொருந்தாது. நிறம் முழுதும் பொருந்தும் வரை கேட்டலிஸ்ட்டைக் கலக்கக் கூடாது.

கேட்டலிஸ்ட் கலக்கும் இடத்தில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். நம் ஊர்க் கடைகளில் ரெசின், கோபால்ட் (இறுகுவதை விரைவுபடுத்துவது), கேட்டலிஸ்ட் என்று மூன்று புட்டிகளைத் தனித்தனியாகத் தருவது வழக்கம். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேராக ஒன்றோடொன்று சேர்ந்தால் கடுமையாகப் பற்றி எரியவோ வெடிக்கவோ கூடும். முதலில் கோபால்ட்டை ரெசினில் முழுதும் கலந்து, அதன்பின் மட்டுமே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே அளவுக்கோப்பையில் அளக்கவும் கூடாது, ஒரே அலமாரியில் அருகருகே வைக்கவும் கூடாது. வாங்கும் ஜெல்கோட்டில் கோபால்ட் முன்பே கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வதும் தேவை. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையையே பறித்துவிடும் தன்மையுடையது. கண்ணாடி அணியாமல் அதன் மூடியைத் திறக்கவே வேண்டாம். தெறித்துவிட்டால் உடனே குறைந்தது 15 நிமிடம் நீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக ஏற்பாடு செய்ய வேண்டும்.

கேட்டலிஸ்ட்டின் அளவு, ரெசினின் எடையில் 1 முதல் 2 விழுக்காடு. நூறு கிராம் ஜெல்கோட்டுக்கு ஜனவரியில் ஒன்றரை மில்லி சரியாக இருக்கும். வெயில் ஏறிய நாளில் ஒரு மில்லி போதும். ஊசி போடும் சிரிஞ்சால் அளந்தால் துல்லியம் கிடைக்கும். ஒரு விழுக்காட்டுக்குக் கீழே போனால் பூச்சு முழுதாக இறுகாது என்பதால், வெப்பத்துக்கு அஞ்சி மேலும் குறைப்பதைவிட, கலவையைச் சிறுசிறு பங்குகளாகக் கலப்பதே வழி. மிஞ்சிய கலவையைக் கிண்ணத்தோடு குப்பையில் போடக் கூடாது. திரளாக இருக்கும்போது அது புகையும் அளவுக்குச் சூடாகும். ஈர மணலில் மெல்லியதாகப் பரப்பி இறுகவிட வேண்டும்.

வடுவை மேற்பரப்பைவிடச் சற்று மேடாக நிரப்பி, மேலே ஓ.ஹெச்.பி. ஷீட் எனப்படும் தெளிவான பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூட வேண்டும். காற்று படும் ஜெல்கோட் இறுகியபின்னும் மேலே பிசுபிசுப்பாகவே நிற்கும்; மெழுகு கலந்த வகையோ, இப்படி மூடிய பரப்போ மட்டுமே முழுதாகக் காயும். முன்பு எப்பாக்சியால் நிரப்பிய துளையின் மேல் பாலியஸ்டர் ஜெல்கோட் நன்றாகப் பிடிக்காது. அவை பட்டைக்கு அடியில் மறைந்துவிடும் என்பதால் அங்கே கவலை இல்லை. வெளியே தெரியும் இடத்தில் நிரப்ப வேண்டியிருந்தால், தொடக்கத்திலிருந்தே பாலியஸ்டர் பட்டியை (நிரப்பும் பசையை) பயன்படுத்துவது நல்லது.

மறுநாள் ஷீட்டை உரித்து, மரத்துண்டில் சுற்றிய வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்க்க வேண்டும்: மேடு அடங்கும் வரை 400, பிறகு 600, 1000, 1500. விரலால் அழுத்தித் தேய்த்தால் சுற்றியுள்ள பழைய பூச்சில் பள்ளம் விழும். இந்தத் தூளை மூச்சில் இழுக்காமலிருக்க முகக்கவசமும், ரெசின் கலக்கும்போது ஆவி வடிகட்டும் கவசமும் வேண்டும். துணி முகமூடி ஆவியைத் தடுக்காது.

வடு இல்லாமல் வெறுமனே மங்கிச் சுண்ணாம்புபோல் வெளுத்த பகுதிக்கு இவ்வளவு வேலை வேண்டாம். நீரால் நனைத்துப் பாருங்கள்; நனைந்தபோது பழைய நிறமும் பளபளப்பும் திரும்பினால், காம்பவுண்டும் அதன்மேல் மெழுகும் போதுமானவை. நனைந்தும் மங்கலாகவே நின்று, அடியிலிருக்கும் நார்களின் நிழல் தெரிந்தால், பூச்சு தேய்ந்து தீர்ந்துவிட்டது. இனி அதற்குப் பெயின்ட்தான் கதி.

உலோகமும் மீண்டும் பொருத்துதலும்

பித்தளைக் கொக்கிகளுக்கு வீட்டில் குத்துவிளக்கைத் துலக்கும் புளியே போதும். அந்தப் பழக்கத்தில் அலுமினியச் சட்டத்தின் மேலும் புளியைத் தேய்த்துவிடக் கூடாது; அமிலமும் காரமும் அதன் அனோடைஸ் எனப்படும் காப்புப் பூச்சை அரித்துவிடும், அந்தப் பூச்சு போனபின் எந்தப் பாலிஷும் நிலைக்காது. சோப்பு நீரும் மெல்லிய துணியும் தவிர அதற்கு வேறொன்றும் வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஏறிய பழுப்புக் கறையைச் சிட்ரிக் அமிலக் கரைசல் நீக்கிவிடும்; இரும்புக் கம்பித் தேய்ப்பானால் தேய்த்தால், அதன் நுண்ணிய துகள்கள் பரப்பில் பதிந்து புதிய துருப்புள்ளிகளாக முளைக்கும்.

அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரு தொடும் இடத்தில், உப்புநீர் பட்டவுடன் மின்வேதி அரிப்பு தொடங்கி, அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பூக்கும். ஒவ்வொரு ஸ்குருவின் தலைக்கடியிலும் இரு உலோகங்களையும் பிரிக்கும் பசையைத் தடவி முடுக்கினால் இது பெரிதும் குறையும்.

சீலன்ட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் நான் ஒருமுறை நன்றாக அடிபட்டேன். அவசரத்தில், குளியலறைக்கு வைத்திருந்த சிலிகானைப் பட்டை முழுவதும் ஓட்டிவிட்டேன். மறு ஆண்டு அதன் ஓரத்தில் ஜெல்கோட் பூச முயன்றபோது பூச்சு மீன்கண்போலத் திரண்டு திரண்டு விலகி நின்றது. எவ்வளவு துடைத்தும் சிலிகானின் மெல்லிய படலம் போகவில்லை, இறுதியில் அந்த ஓரம் முழுவதையும் தேய்த்தே எடுக்க வேண்டியதாயிற்று. பட்டைக்கு அடியில் பியூட்டைல் டேப் சிறந்தது; அது என்றும் இறுகாமல் நெகிழ்ந்தே இருப்பதால், அடுத்த முறை கழற்றவும் எளிது. பாலியூரித்தேன் மிக வலுவாக ஒட்டும். பின்னால் கழற்ற நேர்ந்தால் மேற்பூச்சையும் உரித்துக்கொண்டு வரும் என்பதால், நிரந்தரமாக ஒட்ட வேண்டிய இடத்துக்கு மட்டுமே அது ஏற்றது. பாலிசல்ஃபைட் தேக்குக்கு நன்றாகப் பொருந்தும், ஆனால் பி.வி.சி., அக்ரிலிக் ஆகியவற்றைக் கெடுக்கும்.

அணியத்தின் நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் பின்னோக்கி முடுக்கிக்கொண்டு வந்தால் சட்டம் சீராகப் படியும். முதல் சுற்றில் எல்லா ஸ்குருக்களையும் பாதி இறுக்கிவிட்டு, இரண்டாம் சுற்றில் சீலன்ட் ஓரத்தில் மெல்லக் கசியும் அளவுக்கு இறுக்க வேண்டும். முழு பலத்தையும் காட்டி முடுக்கினால் சீலன்ட் முழுதும் வெளியே பிதுங்கி, அடியில் ஒன்றும் மிஞ்சாது.

தேக்கு

தேக்கைப் பளபளக்க வைத்தே தீர வேண்டும் என்பதில்லை. சாம்பல் நிறமாக மாறிய தேக்கு கெட்டுப்போன தேக்கு அன்று. தன் எண்ணெயால் தன்னைக் காத்துக்கொள்ளும் மரம் அது. உழைக்கும் படகுக்கு அந்தச் சாம்பல் நிறமே போதும் என்பது என் கருத்து. நிறம் திரும்ப வேண்டுமானால், தேங்காய் நாரும் சோப்பு நீரும் கொண்டு, மர இழையின் குறுக்கே தேய்க்க வேண்டும். இழையின் போக்கிலேயே முரட்டு பிரஷால் தேய்த்தால் இழைகளுக்கு இடையிலிருக்கும் மென்பகுதி கரைந்து, பரப்பு உழுத வயல்போல வரிவரியாகிவிடும். கறுப்புக் கறைகளுக்கு ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவி, சிறிது நேரம் கழித்து ஏராளமான நீரால் கழுவ வேண்டும். அது நஞ்சு என்பதால் கையுறை கட்டாயம்.

உடைந்த துண்டை ஒட்டும்போது தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. ஒட்டுவதற்குச் சற்று முன்பு இரு பரப்புகளையும் அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானவுடன் எப்பாக்சியைத் தடவிச் சேர்க்க வேண்டும். ஸ்குருத் தலைகளை மூடும் மரத்தக்கைகளின் இழை, சட்டத்தின் இழையோடு ஒரே திசையில் இருக்கும்படி பதித்து, காய்ந்தபின் மேலே நிற்பதை உளியால் ஒரே வெட்டாக வெட்டாமல், சிறிது சிறிதாகச் சீவ வேண்டும். இல்லையெனில் தக்கை துளைக்குள்ளேயே பிளந்து பள்ளமாகும்.

வார்னிஷ் அடிப்பவர்கள் முதல் கோட்டைப் பாதிக்குப் பாதி டர்பன்டைன் சேர்த்து நீர்க்க அடித்து, பிறகு குறைந்தது ஐந்து கோட்டுகளை, ஒவ்வொன்றுக்கும் இடையில் 220 எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, ஏற்ற வேண்டும். பனி இறங்கும் முன், பிற்பகல் மூன்று மணிக்குள் அந்த நாளின் கோட்டை முடித்துவிட வேண்டும். நம் வெயிலில் அது ஆண்டுக்கு இருமுறையாவது மேல்கோட்டைக் கேட்கும். விட்டுவிட்டால் உரிந்து திட்டுத்திட்டாக நிற்கும், அப்போது முழுதையும் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. தேக்கு எண்ணெய் அவ்வளவு பொலிவு தராது, ஆனால் உரியாது.

கடைசியாகப் பி.வி.சி. பீடிங். பழையது நன்றாக இருந்தாலும் கழற்றியபின் சுருங்கியிருக்கும். புதியது வாங்கினால் தேவையைவிட ஓர் அடி கூடுதலாக வாங்குங்கள். அதைச் சுருளாகவே கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் போட்டு நெகிழ்த்தி, சோப்பு நீர் தடவி, ஒருவர் பிடித்துக்கொடுக்க மற்றவர் சட்டத்தின் பள்ளத்தில் மழுங்கிய முனையுள்ள கருவியால் அழுத்திப் பதித்துக்கொண்டே போக வேண்டும். இழுத்து நீட்டிப் பதித்தால் அன்று அழகாக இருக்கும். சில வாரங்களில் அது தன் பழைய நீளத்துக்குச் சுருங்கி, முனையில் ஸ்குருத் தலைகளை வெளியே காட்டிவிடும். ஆகவே பதித்தவுடன் முனையை வெட்டாமல், இரண்டு மூன்று அங்குலம் வெளியே நீட்டியபடியே ஒரு வாரம் வெயிலில் விட்டு, அது அடங்கிய பிறகு அளவாக வெட்டி, முனை மூடியைப் பொருத்துங்கள்.